எது மாபெரும் போட்டி? வாசகர் கேள்விகளும் பதில்களும்

நியூசிலாந்தின் ரக்பி அணியான ஆல் பிளாக்ஸ் 2026இல் பழைய காலத்து வழக்கப்படி தென்னாப்பிரிக்காவில் நீண்ட சுற்றுப்பயணம் செய்யும் என்று அறிவிக்கப்பட்ட நாள்முதல், விளையாட்டுலகின் மாபெரும் போட்டி எது என்ற வாதம் டர்பன் வட்டாரத் தமிழர்கள் கூடும் இடங்களிலெல்லாம் எழுந்துகொண்டிருக்கிறது. ரக்பியையும் கிரிக்கெட்டையும் நெடுங்காலமாகக் கவனித்து எழுதி வருகிறவன் என்ற முறையில் என்னிடம் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன். எனக்கு நன்கு தெரிந்தவற்றுக்கு விரிவாகவும், என் துறைக்கு அப்பாற்பட்டவற்றுக்குச் சுருக்கமாகவும் எழுதியிருக்கிறேன்.

சாட்ஸ்வொர்த் வாசகர்: ஐயா, எத்தனையோ அணிகள் ஆண்டுதோறும் மோதிக்கொள்கின்றன. அவற்றுள் சிலவற்றை மட்டும் மாபெரும் போட்டி என்று எந்த அளவுகோலால் சொல்கிறீர்கள்?

தோற்ற தரப்பு அந்தத் தோல்விக்குப் பிறகு தன்னை எந்த அளவுக்கு மாற்றிக்கொண்டது என்பதே என் அளவுகோல். வெற்றிக் கணக்கு ஏறத்தாழ சமமாக இருக்க வேண்டும் என்பார் உண்டு. நூறாண்டுப் பழமை வேண்டும் என்பாரும், அரங்கு நிரம்பிய ஆரவாரம் வேண்டும் என்பாரும் உண்டு. இவை எல்லாம் துணை நிற்கும் என்றாலும், இவை அனைத்தும் அமைந்தும் நீர்த்துப்போன போட்டிகளை நான் பார்த்திருக்கிறேன்.

1949இல் தென்னாப்பிரிக்காவுக்கு வந்த நியூசிலாந்து அணி நான்கு டெஸ்ட்களிலும் தோற்றுத் திரும்பியது. அடுத்து 1956இல் நம் தென்னாப்பிரிக்க அணியான ஸ்பிரிங்போக்ஸ் அங்கே சென்றபோது, முன்வரிசையினர் முட்டித் தள்ளும் ஸ்க்ரம்மில் தங்களை நசுக்கும் இந்த அணியை எப்படியும் தடுக்க வேண்டும் என்று, ஓய்வு பெற்றிருந்த கெவின் ஸ்கின்னரை நியூசிலாந்தார் தொடரின் நடுவில் திரும்ப அழைத்தார்கள். அவர் நியூசிலாந்தின் முன்னாள் குத்துச்சண்டைச் சாம்பியன். தொடரை 3-1 என்று நியூசிலாந்து வென்றது. நம் காலத்தில் இதே கதை மறுபக்கமாக நடந்தது. 2017 செப்டம்பரில் ஆக்லாந்தின் வடகரையில் ஸ்பிரிங்போக்ஸ் 57-0 என்று தோற்றது. மறு ஆண்டில் ராசி எராஸ்மஸ் பயிற்சியாளரானார், சியா கொலிசி தலைவரானார், அதே செப்டம்பரில் வெலிங்டனில் 36-34 என்று வெற்றி வந்தது. 2019இல் உலகக் கோப்பையும் வந்தது. அந்த 57-0 நேராமல் இருந்திருந்தால் இத்தனை மாற்றமும் இத்தனை விரைவில் நடந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

ஓர் எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பகையின் அளவை வைத்துப் பெருமையை அளக்காதீர்கள்.

பீட்டர்மரிட்ஸ்பர்க் ஆசிரியை: தனிநபர் விளையாட்டுகளில் இந்த அளவுகோல் பொருந்துமா? ஃபெடரர், நடால் இருவரையும் எங்கே வைப்பீர்கள்?

பொருந்தும் அம்மா, அணிகளைவிடத் தனிநபர்களிடம் இன்னும் தெளிவாகவே தெரியும். ஃபெடரரும் நடாலும் 40 முறை மோதினார்கள், நடால் 24 முறை வென்றார். 2020 பிப்ரவரியில் கேப்டவுனில் அவர்கள் ஆடிய காட்சிப் போட்டிக்கு 51,954 பேர் வந்தார்கள் என்பது நமக்கும் பெருமைதான். ஆயினும் என் பட்டியலில் அவர்களுக்கு மேலே இருப்பவர்கள் கிறிஸ் எவர்ட்டும் மார்ட்டினா நவ்ரத்திலோவாவும்.

அவர்கள் 80 முறை மோதினார்கள், அவற்றுள் 60 இறுதிப் போட்டிகள். தொடக்க ஆண்டுகளில் எவர்ட்டுக்கே பெரும்பாலும் வெற்றி. நவ்ரத்திலோவா அதுவரை பெண்கள் டென்னிஸில் காணாத அளவுக்கு உடற்பயிற்சியையும் உணவுக் கட்டுப்பாட்டையும் மேற்கொண்டு திரும்பி வந்தார். பிறகு எவர்ட்டைத் தொடர்ந்து 13 முறை தோற்கடித்தார். மற்றொருவராக இருந்தால் அத்துடன் ஒதுங்கியிருப்பார். எவர்ட் முப்பதை நெருங்கும் வயதில் மட்டையை மாற்றி, உடலை வலுப்படுத்தி, 1985 பிரெஞ்சு ஓப்பன் இறுதியில் 6-3, 6-7, 7-5 என்று வென்றார்; மறு ஆண்டும் அங்கேயே அவரை வென்றார். முடிவில் கணக்கு 43-37 என்று நவ்ரத்திலோவாவின் பக்கம் நின்றது. இடையில் சற்று விலகினாலும் இருவரும் இன்றும் நெருங்கிய தோழிகளாகவே இருக்கிறார்கள் என்பதையும் பகையைத் தேடுகிறவர்கள் கவனிக்க வேண்டும்.

பீனிக்ஸ் மாணவர்: அண்ணா, மெஸ்ஸியா ரொனால்டோவா?

இது யார் சிறந்தவர் என்ற கேள்வி, தம்பி. போட்டியைப் பற்றிக் கேளுங்கள், பதில் சொல்கிறேன்.

லெனேசியா வாசகர்: சோவெட்டோ டெர்பியை விட்டுவிட்டு மாபெரும் போட்டிகளைப் பற்றிப் பேச முடியுமா?

முடியாது. 1937இல் தொடங்கிய சோவெட்டோவின் கால்பந்துக் கழகமான ஒர்லாண்டோ பைரேட்ஸில் ஆடிய கைசர் மொட்டாங், அமெரிக்கா சென்று அட்லாண்டா சீஃப்ஸ் அணியில் ஆடித் திரும்பி, 1970இல் தன் பெயரையே சூட்டிக் கைசர் சீஃப்ஸைத் தொடங்கினார். ஒரே வீட்டிலிருந்து பிரிந்த பங்காளிகளைப்போல இரு கழகங்களும் அன்றிலிருந்து ஒன்றையொன்று பார்த்தே வளர்ந்தன. ஒரே மேசையில் சாப்பிடும் குடும்பங்களைக்கூட இவ்விரண்டும் மோதும் டெர்பி இரண்டாகப் பிரிக்கிறது. சீஃப்ஸ் பத்தாண்டுகள் கோப்பையில்லாமல் தவித்தபின் 2025 மே மாதத்தில் நெட்பேங்க் கோப்பையை வென்றது நம் மோசஸ் மபிடா அரங்கில்தான். 2-1 என்று தோற்றது பைரேட்ஸ். வேறு எந்த அணியை வென்றிருந்தாலும் அந்த வெற்றிக்கு அந்தச் சுவை வந்திருக்காது.

ஆனால் 1991இல் ஒர்க்னியில் 42 பேரும், 2001இல் எல்லிஸ் பார்க்கில் 43 பேரும் இந்த ஆட்டத்தைப் பார்க்கச் சென்று நெரிசலில் இறந்தார்கள். அந்தச் சாவுகளைச் சொல்லி, 'எத்தனை வெறி பாருங்கள்' என்று இப்போட்டியின் பெருமையை நிறுவ முயல்கிறவர்களை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். கதவுகளையும் கூட்டத்தையும் நிர்வகிக்கத் தெரியாததன் விளைவு அது. விளையாட்டின் கணக்கில் அதைச் சேர்க்கக் கூடாது.

டோங்காட் வாசகர்: இந்தியாவும் பாகிஸ்தானும் மோதும் கிரிக்கெட்டைவிடப் பெரிய போட்டி உலகில் உண்டா ஐயா?

பார்வையாளர் எண்ணிக்கையில் இல்லை. முதல் இருபது ஓவர் உலகக் கோப்பையில், 2007 செப்டம்பர் 14 அன்று நம் கிங்ஸ்மீட் திடலில் இந்த இரு அணிகளும் சமநிலையில் முடித்து, வெறும் குச்சிகளை நோக்கிப் பந்து வீசித் தீர்மானித்ததில் இந்தியா 3-0 என்று வென்றது; பத்து நாள் கழித்து ஜோகன்னஸ்பர்க் இறுதிப் போட்டியில் 5 ரன்களில் வென்றது. அந்த வாரங்களில் டர்பன் நகரம் எப்படி இருந்தது என்பது பலருக்கும் நினைவிருக்கும்.

என் தயக்கத்துக்குக் காரணம் வேறு. அந்த 2007 டிசம்பருக்குப் பிறகு இரு நாடுகளும் ஒரு டெஸ்ட்கூட ஆடவில்லை. 59 டெஸ்ட்களில் பாகிஸ்தான் 12, இந்தியா 9 என்று வென்ற நெருக்கமான கணக்கு அப்படியே உறைந்து கிடக்கிறது. 1999இல் சேப்பாக்கத்தில் டெண்டுல்கர் 136 அடித்தும் இந்தியா 12 ரன்களில் தோற்றபோது, சென்னை மக்கள் எழுந்து நின்று பாகிஸ்தான் வீரர்களுக்குக் கைதட்டினார்கள். அந்த அரங்கில் இருந்த உயர்வு இன்றைய ஆட்டங்களில் எங்கே இருக்கிறது? ஐந்து நாள் எதிரெதிரே நின்று ஒருவரை ஒருவர் படித்துத் திருத்திக்கொள்ளும் வாய்ப்பு இல்லாமல், உலகத் தொடர்களில் எப்போதாவது ஒரு மாலை சந்திப்பது போதாது. பகை வளர்ந்திருக்கிறது, போட்டி மெலிந்திருக்கிறது.

உம்சிண்டோ வாசகர்: மெஸ்ஸி, ரொனால்டோ இருவரில் யாரைச் சொல்வீர்கள்?

பீனிக்ஸ் மாணவருக்குச் சொன்னதே.

மெரிபாங்க் வாசகி: என் தாத்தா உயிரோடிருந்தவரை ஆல் பிளாக்ஸ் அணிக்குத்தான் கைதட்டுவார். சொந்த நாட்டுக்கு எதிராக ஏன் என்று கேட்டால் பதில் சொல்ல மாட்டார். உங்களுக்குக் காரணம் தெரியுமா?

தெரியும் அம்மா. ஸ்பிரிங்போக் சட்டையை வெள்ளையர் மட்டுமே அணியலாம் என்ற காலத்தில், அரங்கில் நம்மவருக்கும் கறுப்பர்களுக்கும் கலப்பினத்தாருக்கும் தனியே ஒதுக்கப்பட்ட இடத்தில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்த தலைமுறை அது. யார் வந்தாலும் வந்தவருக்கே அவர்கள் கைதட்டினார்கள். அவர்களிடம் இருந்த ஒரே வாக்குரிமை அதுதான். கேப்டவுன் பக்கத்தில் இன்றும் அந்த வழக்கத்தை விடாத குடும்பங்கள் உண்டு.

வெருலம் வாசகர்: அப்படியானால் தென்னாப்பிரிக்கா உலக ரக்பிக்குத் திரும்பிய 1992க்கு முந்தைய முடிவுகளை எல்லாம் அடித்துவிட வேண்டாமா? நாட்டின் பெரும்பான்மையை வெளியே நிறுத்திய ஓர் அணியின் வெற்றிகளை எப்படி மாபெரும் போட்டியின் பகுதியாகக் கொள்ள முடியும்?

உங்கள் கோபத்தை மதிக்கிறேன். உங்கள் முடிவை ஏற்கவில்லை. அடித்துவிட்டால் நியூசிலாந்தின் பொறுப்பும் சேர்ந்து மறைந்துவிடும். 1928இல் ஜார்ஜ் நேப்பியா என்ற மாபெரும் ஆட்டக்காரரை, நியூசிலாந்தின் பூர்வகுடியான மாவோரி என்பதற்காகவே வீட்டில் விட்டுவிட்டு அவர்கள் இங்கே வந்தார்கள். 1949இலும் 1960இலும் அதையே செய்தார்கள். 1967இல்தான் மாவோரிகளை ஏற்காத நாட்டுக்கு வர மாட்டோம் என்று பயணத்தை நிறுத்தினார்கள். 1970இல் 'கௌரவ வெள்ளையர்' என்ற இழிவான பட்டத்தோடு மாவோரி வீரர்கள் வந்தார்கள். 1976இல் சோவெட்டோவில் மாணவர்கள் சுடப்பட்ட பின்னும் அவர்கள் வந்து ஆடியதைக் கண்டித்து, இருபதுக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்க நாடுகள் மாண்ட்ரியல் ஒலிம்பிக்கைப் புறக்கணித்தன.

1981இல் ஸ்பிரிங்போக்ஸ் நியூசிலாந்து சென்றபோது ஹாமில்டனில் மக்கள் திடலுக்குள் இறங்கி ஆட்டத்தை நிறுத்தினார்கள்; ஈடன் பார்க்கில் சிறு விமானத்திலிருந்து மாவுப் பொட்டலங்கள் விழுந்தன. தங்கள் அணி வெல்வதைவிட இந்த ஆட்டம் நடக்காமல் இருப்பதே மேல் என்று அந்நாட்டு மக்களில் ஒரு பெரும்பகுதி தெருவுக்கு வந்தார்கள் என்றால், எதிரணியின் முகத்தில் தங்கள் முகத்தையும் கண்டார்கள் என்றே பொருள். நான் சொல்லும் மாற்றத்தில் இதைவிடப் பெரிது எது?

எதையும் அடிக்க வேண்டாம். விடுபட்டதைச் சேர்த்து எழுதுவோம். டர்பன் ரிவர்சைடில் வளர்ந்த நம்மவர் பாப்வா சேவ்கோலம் 1965 நேட்டால் ஓப்பன் கோல்ஃப் போட்டியில் கேரி பிளேயரை வென்றார். உலகின் நான்கு பெருந்தொடர்களையும் வென்று முடித்த பிளேயரின் பொன்னாண்டு அது. ஒரே நாட்டில் பிறந்த இருவர் ஆண்டுதோறும் மோதியிருந்தால் எப்படிப்பட்ட போட்டி கிடைத்திருக்கும்! அரசு சேவ்கோலத்துக்குப் போட்டிகளின் கதவையே அடைத்தது. நம் மண்ணில் முளைக்கவிடாமல் செய்யப்பட்ட போட்டிகளின் பட்டியலும் இந்த வரலாற்றின் பகுதிதான்.

ஸ்டேஞ்சர் வாசகர்: 1995இல் மண்டேலாவே அந்தச் சட்டையை அணிந்து எல்லாவற்றையும் முடித்துவைத்தார். பழையதை ஏன் கிளற வேண்டும்?

1995 ஜூன் 24 அன்று உலகக் கோப்பை இறுதியில், ஜோயல் ஸ்ட்ரான்ஸ்கியின் டிராப் கோலால் (பந்தைத் தரையில் விழவிட்டு எழும்போது உதைத்து அடிக்கும் மூன்று புள்ளி) நியூசிலாந்தை 15-12 என்று வென்ற அணியில் வெள்ளையர் அல்லாதவர் செஸ்டர் வில்லியம்ஸ் ஒருவரே. மண்டேலா ஒரு கதவைத் திறந்தார்; கறுப்பரான கொலிசி தலைவராக அதன் வழியே நடந்து செல்வதற்கு இன்னும் இருபத்து மூன்று ஆண்டுகள் ஆயின. 2023 பாரிஸ் இறுதியில் நியூசிலாந்தை 12-11 என்று வென்று கோப்பையை வாங்கிய கொலிசியின் அணியை 1949 அணியோடு ஒப்பிட்டுப் பார்த்தால்தான் தென்னாப்பிரிக்கத் தரப்பு எத்தனை மாறியது என்பது விளங்கும். பழையதை மறைத்துவிட்டு அந்தத் தூரத்தை எப்படிக் காட்டுவீர்கள்? இதற்கு மேல் இந்த வாதத்தை வளர்க்க விரும்பவில்லை. வெருலம் அன்பரும் நீங்களும் ஒருவரை ஒருவர் கடிந்து எழுதிய மற்றக் குறிப்புகளை நான் சேர்க்கவில்லை.

குளவேல் வாசகர்: கறீஸ் பவுண்டன் திடலில் நம்மவர் கழகங்கள் ஆடிய கால்பந்துப் போட்டிகளைப் பற்றி எழுதுவீர்களா?

அந்தப் படிகளில் உட்கார்ந்து பார்த்த பெரியவர்கள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள். அவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். என்னைவிட அவர்களே தகுதியானவர்கள்.

போர்ட் எலிசபெத் வாசகர்: கோலியா பாபரா?

பீனிக்ஸ் மாணவருக்குச் சொன்ன பதிலை வாசியுங்கள். விளம்பரம் இருவரை எதிரெதிரே நிறுத்திவிட்டால் அது போட்டியாகிவிடாது.

இசிபிங்கோ வாசகி: ரக்பி அறியாத என் மகளுக்குக் காட்ட ஒரே ஓர் ஆட்டத்தைச் சொல்லுங்கள்.

2018 வெலிங்டன் ஆட்டத்தை முழுமையாகக் காட்டுங்கள். நியூசிலாந்து 12-0 என்று முன்னே போய்விடும். அதைக் கண்டு நிறுத்திவிடாதீர்கள். நியூசிலாந்து ஆறு டிரை (எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைப்பது) அடித்தும், ஐந்து அடித்த தென்னாப்பிரிக்கா ஏன் வென்றது என்பதை அவளையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். கடைசி நிமிடங்களில் தென்னாப்பிரிக்காவின் கோட்டருகே முட்டிக்கொண்டு நிற்கும் ஆல் பிளாக்ஸ், மூன்று புள்ளி போதும் என்ற நிலையிலும் டிராப் கோலுக்கு முயலவே இல்லை. ஏன் முயலவில்லை என்று அவள் கேட்டால், 1995 இறுதி ஆட்டத்தை அடுத்ததாகக் காட்டுங்கள்.