உதாரணம் கேட்கிறீர்கள், தர மாட்டேன்

கேள்வி: என்னோடு வேலை செய்யும் நண்பர் ஒருவர், கிறிஸ்தவப் பின்னணியே இல்லாதவர். ‘உங்கள் கடவுள் எப்படிப்பட்டவர்?’ என்று கேட்டார். சர்வவல்லவர், எங்கும் நிறைந்தவர், எல்லாம் அறிந்தவர், பரிசுத்தர், திரியேகர் என்று வரிசையாகச் சொல்லி, திரித்துவத்துக்கு, அதாவது பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுள் என்பதற்கு, தண்ணீர், பனிக்கட்டி, நீராவி உதாரணத்தையும் கொடுத்தேன். ‘முன்பைவிடக் குழப்பமாகிவிட்டதே’ என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். இப்படிப்பட்டவர்களுக்குச் சட்டென்று புரிகிற மாதிரி நல்ல உதாரணம் ஒன்று தருவீர்களா?

பதில்: தர மாட்டேன். உங்கள் கையில் இருக்கிற உதாரணத்தையும் கீழே போட்டுவிடுங்கள் என்றுதான் சொல்லப் போகிறேன்.

முதலில் அந்தத் தண்ணீர் விஷயத்தை முடித்துவிடுவோம். ஒரே தண்ணீர் குளிர்ந்தால் பனிக்கட்டி, கொதித்தால் ஆவி, அதாவது ஒருவரே மூன்று வேஷம் போடுகிறார் என்றுதான் அதற்கு அர்த்தம் வருகிறது. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோமில் சபெல்லியு என்பவர் கிட்டத்தட்ட இதைத்தான் போதித்தார், சபை அவரை விலக்கிவிட்டது. இயேசு ஞானஸ்நானம் பெற்ற காட்சியை நினைத்துப் பாருங்கள். குமாரன் யோர்தானிலிருந்து கரையேறுகிறார், ஆவியானவர் புறாவைப் போல இறங்குகிறார், வானத்திலிருந்து பிதாவின் குரல் கேட்கிறது, எல்லாம் ஒரே நேரத்தில். உங்கள் பனிக்கட்டி உருகினால்தானே தண்ணீர் வரும்? ஞாயிறு பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள் என்பதற்காக அது சரியாகிவிடாது. பழங்காலச் சபையின் பெரிய இறையியலாளர் அகுஸ்தீன் திரித்துவத்தைப் பற்றி 15 பாகங்கள் எழுதினார், எழுதி முடிக்கப் பல ஆண்டுகள் ஆயின. நீங்கள் அதை வேலைக்கு நடுவே ஐந்து நிமிடத்தில் முடிக்கப் பார்த்திருக்கிறீர்கள். நண்பர் சிரித்ததில் தப்பே இல்லை.

ஆனால் உண்மையான கோளாறு உதாரணத்தில் இல்லை, தொடங்கிய இடத்தில் இருக்கிறது. அவர் ‘எப்படிப்பட்டவர்?’ என்று கேட்டார். நீங்கள் ஒரு பயோடேட்டாவை வாசித்துக் காட்டினீர்கள். வேதத்தில் கடவுள் தம்மை அறிமுகப்படுத்திக்கொள்ளும் இடங்களைப் பாருங்கள். பத்துக் கட்டளைகளைக் கொடுக்கும்போது அவர் முதலில் சொல்வது, ‘உன்னை அடிமைத்தன வீட்டிலிருந்து வெளியே கொண்டுவந்தவர் நானே’ என்பதுதான். தாம் செய்த காரியம் முன்னால் வருகிறது. யாத்திராகமம் 34இல் மோசேக்கு முன்பாகக் கடந்துபோகும்போது இரக்கம், கிருபை, நீடிய சாந்தம் என்று தம் குணங்களைச் சொல்கிறார், சரி, ஆனால் எப்போது? இஸ்ரவேல் ஜனங்கள் பொன் கன்றுக்குட்டியைச் செய்து கும்பிட்டு, கட்டளைகள் எழுதிய கற்பலகைகள் உடைந்து, எல்லாம் நாசமான பிறகு. அந்தக் கதை தெரியாதவருக்கு ‘இரக்கமுள்ளவர்’ என்பது இன்னொரு பட்டப்பெயர், அவ்வளவுதான். அதே வசனத்தின் தொடர்ச்சியில் குற்றவாளியைக் குற்றமற்றவனாக விடாதவர் என்றும் வருகிறது, அதையும் மறைக்க வேண்டாம். கோபமே வராத கடவுள் என்று விளம்பரம் பண்ணிவிட்டு, பிறகு நண்பர் தானாகப் பழைய ஏற்பாட்டைப் புரட்டிப் பார்க்கும்போது நீங்கள் முழிக்க வேண்டியிருக்கும்.

அப்புறம், ‘பின்னணி இல்லாதவர்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதைக் கொஞ்சம் யோசியுங்கள். அவருக்குக் கிறிஸ்தவப் பின்னணி இல்லை. எந்தப் பின்னணியும் இல்லாத மனிதர் எங்கே இருக்கிறார்? ஒரு கடவுளைக் கும்பிட்டிருப்பார், அல்லது கும்பிட்டு ஏமாந்து விட்டிருப்பார், அல்லது இல்லவே இல்லை என்று முடிவு செய்திருப்பார். உங்கள் கடிதம் முழுக்க நீங்கள் சொன்னதுதான் இருக்கிறது. அவரிடம் நீங்கள் கேட்ட கேள்வி என்று ஒன்றுகூட இல்லை.

இயேசுவைப் பற்றி ஊர் ஊராகப் போய்ப் பேசிய அப்போஸ்தலர் பவுல் இப்படிச் செய்யவில்லை. லூக்கா எழுதிய அப்போஸ்தலர் நடபடிகள் புத்தகத்தைப் பாருங்கள். பிசீதியாவிலுள்ள அந்தியோகியாவில் யூதர்களின் ஜெப ஆலயத்தில் பேசும்போது எகிப்து, வனாந்தரம், சவுல், தாவீது என்று அவர்கள் வரலாற்றை எடுத்து, சங்கீதத்தையும் தீர்க்கதரிசிகளையும் மேற்கோள் காட்டுகிறார். அடுத்த அதிகாரத்திலேயே லீஸ்திராவில், தன்னையும் கூட வந்த பர்னபாவையும் கிரேக்க தெய்வங்கள் என்று நினைத்துப் பலியிட வந்த கூட்டத்தின் முன்னால் ஒரு வசனமும் மேற்கோளாக வரவில்லை. மழை பெய்கிறது, விளைச்சல் வருகிறது, வயிறும் மனதும் நிறைகின்றன, இதைத் தருகிறவர் ஒருவர் உண்டு என்கிறார். அத்தேனேக்குப் போனால் இன்னும் சுவாரசியம். ஊர் முழுக்கச் சிலைகளைப் பார்த்து அவருக்கு உள்ளுக்குள் கொதிக்கிறது, லூக்காவே அதை எழுதியிருக்கிறார். ஆனாலும் வாய் திறந்ததும் திட்டவில்லை. சுற்றிப் பார்த்ததில் ‘அறியப்படாத தேவனுக்கு’ என்று எழுதிய பலிபீடம் ஒன்று கண்ணில் பட்டது, அங்கிருந்து தொடங்குகிறார். ‘நாம் அவருடைய சந்ததியார்’ என்று அவர்கள் புலவர் சொன்னதையும் எடுத்துக்கொள்கிறார். அந்த வரி அராத்து என்ற கிரேக்கப் புலவர் கி.மு. 3ஆம் நூற்றாண்டில் எழுதியது, அதுவும் சேயுஸ் தெய்வத்தைப் பற்றி எழுதியது! நம் சபைகளில் ஒருவர் இன்று இப்படிப் பிரசங்கம் செய்தால் மறுநாளே மூப்பர்கள் கூட்டம் நடக்கும்.

இதைச் சொன்னால், ‘அப்படியானால் எல்லாம் ஒன்றுதான் என்று சொல்லிவிடலாமா?’ என்று அடுத்த கடிதம் வரும், தெரியும். பவுல் அப்படிச் சொல்லவில்லை. கடவுளுக்கு நம் கையிலிருந்து எதுவும் தேவையில்லை, எல்லாருக்கும் ஜீவனையும் சுவாசத்தையும் கொடுக்கிறவரே அவர்தான் என்று தெளிவாக மறுத்துப் பேசுகிறார். கடைசியில் நியாயத்தீர்ப்பையும் உயிர்த்தெழுதலையும் சொல்லத்தான் செய்தார். உயிர்த்தெழுதல் என்றதும் சிலர் கேலி செய்தார்கள், சிலர் இன்னொரு நாள் கேட்கிறோம் என்றார்கள், தியொனீசியு, தாமரி என்ற பெண், இன்னும் சிலர் விசுவாசித்தார்கள். பவுலுக்கே அவ்வளவுதான் என்றால் உங்கள் நண்பர் சிரித்ததற்காக நீங்கள் வருத்தப்பட வேண்டியதில்லை.

சரி, என்னதான் சொல்வது? இயேசு என்ன சொன்னாரோ அதைச் சொல்லுங்கள். பாவிகளோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாரே என்று, மதச் சட்டத்தைக் கறாராகக் கடைப்பிடித்த பரிசேயர் முணுமுணுத்தபோது அவர் கடவுளின் இலக்கணத்தை விளக்கவில்லை, இரண்டு மகன்களுடைய ஒரு தகப்பனின் கதையைச் சொன்னார். லூக்கா 15. சொத்தைப் பிரித்து வாங்கிக்கொண்டு போய் அழித்த மகன் திரும்பி வருகிறான், அவன் தூரத்தில் வரும்போதே அப்பா ஓடுகிறார். நாம் வழக்கமாக அங்கேயே நிறுத்திவிடுகிறோம், அது பாதிக் கதைதான். மூத்தவன் கோபித்துக்கொண்டு வீட்டுக்குள் வராமல் நிற்கிறான். அவனையும் தேடி அந்த அப்பா வெளியே வந்து கெஞ்சுகிறார். அவன் உள்ளே போனானா இல்லையா என்று இயேசு சொல்லவே இல்லை. இதை முழுதாகச் சொல்லிவிட்டு, ‘நாங்கள் நம்புகிற கடவுள் இப்படிப்பட்டவர்’ என்று சொன்னால், நண்பர் ஒத்துக்கொள்ளாமல் போகலாம், ஆனால் குழம்ப மாட்டார்.

ஒரு எச்சரிக்கை. ‘கடவுள் அப்பா மாதிரி’ என்பது எல்லாருக்கும் இனிப்பான செய்தி அல்ல. குடித்துவிட்டு அடித்த அப்பா, விட்டுவிட்டு ஓடிப்போன அப்பா என்று சிலருக்கு வேறு ஞாபகம் வரும். கதையில் வரும் அந்தத் தகப்பன் என்ன செய்தார் என்பதை மட்டும் சொல்லுங்கள், நண்பரை அவருடைய சொந்த அப்பாவோடு ஒப்பிடச் சொல்லாதீர்கள். ஏசாயா 49இல் பிள்ளையை மறக்காத தாயைவிடவும் மேலாக நான் உன்னை மறக்கமாட்டேன் என்று கடவுளே சொல்வதும் இருக்கிறது, தேவைப்பட்டால் அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

திரித்துவத்தை விட்டுவிடச் சொல்கிறேனா? இல்லை. அது அதற்குரிய நேரத்தில் வரும். சபைக்கும் அப்படித்தான் வந்தது. ஒரே கடவுள் என்று உறுதியாக நம்பிய யூதர்கள், உயிர்த்தெழுந்த இயேசுவை வணங்க ஆரம்பித்தார்கள். இது எப்படிப் பொருந்தும் என்று முட்டி மோதித்தான் 325இல் நிசேயாவிலும் 381இல் கொன்ஸ்தாந்திநோப்பிளிலும் கூடிய சபைத் தலைவர்கள் அதற்கான வார்த்தைகளைக் கண்டுபிடித்தார்கள். உங்கள் நண்பரும் சுவிசேஷத்தை வாசித்தால் ஒருநாள், ‘இயேசு கடவுள் என்கிறீர்கள், அப்படியானால் கைதாவதற்கு முன் கெத்செமனேயில் அவர் யாரிடம் ஜெபித்தார்?’ என்று தானே கேட்பார். அன்றைக்குப் பேசுங்கள். அப்போதும் உதாரணம் வேண்டாம். உலகம் உண்டாவதற்கு முன்பே பிதா குமாரனில் அன்பாயிருந்தார் என்று யோவான் 17இல் வருவதைக் காட்டுங்கள். இதற்குமேல் எனக்கும் முழுதாகப் புரியவில்லை என்று சொல்லவும் தயங்காதீர்கள், பதில் தெரிந்தவர் மாதிரி நடிப்பதை அவர் கண்டுபிடித்துவிடுவார்.

இப்போதைக்கு லூக்கா சுவிசேஷத்தை மட்டும் தனியாகக் கொடுங்கள். மத்தேயு வேண்டாம், முதல் பக்கத்திலேயே வம்ச வரலாற்றில் மாட்டிக்கொள்வார். கொடுத்துவிட்டு, ‘படித்தீர்களா, படித்தீர்களா’ என்று தினமும் நச்சரிக்காதீர்கள்.