ரெடிமிக்ஸ் பிளான்டில் சிமென்ட் எடை பேட்சுக்கு பேட்ச் மாறுகிறது, லோட் செல்லை மாற்றினால் சரியாகுமா?

இப்போதைக்கு லோட் செல்லில், அதாவது எடையை உணரும் கருவியில், கை வைக்காதீர்கள். இலக்கு 350 கிலோ, ஒரு பேட்சில் 340, அடுத்ததில் 361 என்று எழுதியிருக்கிறீர்கள். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 சிமென்டுக்கு விடும் அளவு கூடவோ குறையவோ 2 சதவீதம், அதாவது 7 கிலோ. இரண்டு பேட்சுமே அதைத் தாண்டிவிட்டன. ஆனால் கெட்டுப்போன லோட் செல் பெரும்பாலும் ஒரே பக்கமாக நகரும், பூஜ்யத்துக்குத் திரும்பாது, அல்லது எண் நிற்காமல் ஓடும். லோட் செல் கெடவே கெடாது என்று நான் சொல்லவில்லை. முதலில் பார்க்க வேண்டிய இடம் அது இல்லை, அவ்வளவுதான்.

நிறுப்பதில் பிழையா, கொட்டுவதில் பிழையா என்று முதலில் பிரியுங்கள். முத்திரையிட்ட 20 கிலோ எடைக்கற்களை, சிமென்டை நிறுக்கும் தொட்டியான ஹாப்பர் காலியாக இருக்கும்போது அதில் ஒவ்வொரு செல் பக்கமாகத் தொங்கவிட்டால் எல்லா மூலையிலும் ஒரே எண் வர வேண்டும். பிறகு 300 கிலோ வரை ஏற்றி, அதே வரிசையில் இறக்குங்கள். ஏறும்போது ஒன்று, இறங்கும்போது ஒன்று காட்டினால் ஹாப்பர் எங்கோ பிடிக்கிறது. சிமென்டைத் தள்ளிக்கொண்டுவரும் ஸ்க்ரூவின் வாயில் கட்டிய கேன்வாஸில் சிமென்ட் இறுகிக் கல்லாகியிருக்கும், அல்லது காற்றுக் குழாய் இழுத்துக்கொண்டிருக்கும். புது கேன்வாஸை விறைப்பாகக் கட்டாமல் தொளதொளவென்று விடுங்கள்.

எடைக்கல் சோதனை சரியாக வந்தால், ஹாப்பர் மேலுள்ள பில்டர் பையைப் பாருங்கள். நம்மூர் ஈரக்காற்றில் அது சீக்கிரம் அடைத்துவிடும். உள்ளே வரும் காற்று வெளியேற முடியாமல் அழுத்தம் ஏறினால் எடை பொய்யாகக் காட்டும். ஆய்வுக் கதவைத் திறந்துவைத்து ஒரு பேட்ச் ஓட்டுங்கள். எண் அடங்கினால் குற்றவாளி பைதான்.

அடுத்தது இன்ஃப்ளைட், அதாவது ஸ்க்ரூ நின்ற பிறகும் விழுந்துகொண்டிருக்கும் சிமென்ட். பத்து பேட்சுக்கு ஸ்க்ரூ நின்ற நொடியில் இருந்த எடையையும், அடங்கிய பிறகு வந்த எடையையும் எழுதுங்கள். வித்தியாசம் எப்போதும் 8, 9 கிலோ என்றால் அந்த எண்ணை கன்ட்ரோலரில் போட்டால் போதும். ஒருமுறை 4, ஒருமுறை 14 என்றால் எண்ணை மாற்றி மாற்றிப் பார்ப்பதில் பயன் இல்லை. சிமென்டின் ஓட்டமே மாறுகிறது. பல்கர் (சிமென்ட் டேங்கர் லாரி) இறக்கியவுடன் காற்றேறிய சிமென்ட் தண்ணீர்போல ஓடும், அரை மணி நேரமாவது விடுங்கள். சிமென்ட் சேமிக்கும் சைலோவின் அடியில் ஊதும் காற்றில் ஈரம் இருந்தால் கூம்பில் கட்டி பிடித்து, திடீரென்று உடைந்து கொட்டும். தினமும் காலையில் கம்ப்ரஸர் டேங்க் தண்ணீரைத் திறந்துவிடுங்கள். ஸ்க்ரூ மோட்டாருக்கு வேகத்தைக் குறைக்கும் டிரைவ் இருந்தால் கடைசி 30 கிலோவை மெதுவாக விடலாம்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. குளச்சல் பக்கம் என்றால் உப்புக்காற்றும் சேரும். லோட் செல் வயர்கள் சேரும் ஜங்ஷன் பாக்ஸைத் திறந்து முனைகளில் பச்சை பிடித்திருக்கிறதா பாருங்கள். சுத்தம் செய்து, சிலிக்கா ஜெல் வைத்து, வயர் நுழையும் கிளாண்டை இறுக்குங்கள். மின்காப்பைச் சோதிக்கும் 500 வோல்ட் மெக்கரை லோட் செல்லில் வைக்கவே கூடாது. ஹாப்பரில் வெல்டிங் செய்தால் எர்த் கிளாம்ப் வெல்டிங் இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும், இல்லாவிட்டால் மின்சாரம் செல் வழியாகப் போய் அதைக் கொன்றுவிடும். ஆரல்வாய்மொழி பக்கம் பிளான்ட் என்றால் ஜல்லி ஹாப்பருக்குக் காற்றுத் தடுப்பு தகரம் அடியுங்கள், தென்மேற்குக் காற்றில் அது ஆடிக்கொண்டே இருக்கும்.

கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். எடை தப்பினால் ஆபரேட்டர் சம்பளத்தில் பிடிக்கும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அது அநியாயம். பில்டர் பை வாங்கித் தராமல், மேனுவலில் ஓட்டி லோடை அனுப்பு என்று நெருக்கிவிட்டு, பழியை மட்டும் அவர் தலையில் போடுவது எந்த வகையில் சரி? மேலே சொன்னதில் ஆபரேட்டர் தனியாகச் சரிசெய்யக்கூடியது எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

இத்தனைக்கும் பிறகு செல்தான் என்று உறுதியானால் அதே திறன் உள்ளதை வாங்குங்கள். மாட்டியபின் மூலைச் சோதனையை மறுபடி செய்து, கற்களை வைத்தே கேலிபரேஷன் போடுங்கள்.