தண்ணீர் ஊற்றியும் வாடும் ஆர்க்கிட்

கேள்வி: இரண்டு மாதங்களுக்கு முன் பூவோடு வாங்கிய பெலனாப்சிஸ் ஆர்க்கிடின் இலைகள் சுருங்கித் தொங்குகின்றன. தினமும் தண்ணீர் ஊற்றியும் தேறவில்லை. கடைக்காரர் தந்த டானிக்கை ஊற்றலாமா?
– வாசகி, கோவை

டானிக் வேண்டாம். தண்ணீரையும் இன்றே நிறுத்துங்கள். செடிக்குத் தாகம்தான், ஆனால் குடிக்க வாய் இல்லை. வேர் அழுகியிருக்கிறது.

செடியைத் தொட்டியிலிருந்து உருவி, ஒவ்வொரு வேரையும் விரலால் அழுத்திப் பாருங்கள். நல்ல வேர் கெட்டியாக இருக்கும். நனைந்தால் பச்சை, காய்ந்தால் வெள்ளி நிறம். அழுகிய வேர் பழுப்பாகி நசுங்கும். இழுத்தால் தோல் உறைபோலக் கழன்று உள்ளே நூல் மட்டும் மிஞ்சும். அவற்றை ஸ்பிரிட்டால் துடைத்த கத்தரியால் வெட்டிவிடுங்கள். வெட்டிய இடத்தில் மட்டும் லவங்கப்பட்டைத் தூள் தடவுங்கள். நல்ல வேரில் பட்டால் அதையும் உலர்த்திவிடும்.

வேர்களின் நடுவே பாசியை இறுக்கி உருட்டிய ஈரக்கட்டி ஒன்று பெரும்பாலும் இருக்கும். பயணத்தில் வாடாதிருக்க வைத்தது, வீட்டில் வேரை அழுகவைக்கிறது. விற்கும்போது இதைச் சொல்லும் கடையை நான் இதுவரை பார்க்கவில்லை. செத்தால் இன்னொன்று வாங்குவார்கள் என்பதே அவர்கள் கணக்கு. சத்து விகிதம் அச்சிடாத டானிக் புட்டியைத் தொடவே தொடாதீர்கள். உரக் கட்டுப்பாட்டு ஆணை 1985 முதலே இருக்கிறது. செடிக்கடை மேசையிலிருக்கும் புட்டியைத் திருப்பிப் பார்க்கத்தான் ஓர் ஆளில்லை!

பாசியைப் பிய்த்தெடுத்துவிட்டு, பக்கமெல்லாம் துளையுள்ள தொட்டியில் அடுப்புக்கரியும் தேங்காய் மட்டைத் துண்டும் இட்டு நடுங்கள். மட்டையை முதலில் மூன்று நாள் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்தால் உப்பு இறங்கும். மரத்தில் தொற்றி வாழும் செடி இது, மண் ஆகாது. நட்டு மூன்று நாள் கழித்து முதல் தண்ணீர் விடுங்கள். அதன்பின் வேர் வெள்ளியாகும்போது மட்டும், காலையில் விடுங்கள். இலைக் குருத்தில் தேங்கக் கூடாது.

உங்களிடம் டென்ட்ரோபியம் என்ற வகை ஆர்க்கிடும் இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். அதன் பழைய தண்டு இலையெல்லாம் உதிர்ந்து மொட்டையாக நிற்கும். அது நோயல்ல. பச்சையாக இருக்கும்வரை அந்தத் தண்டு நீரும் உணவும் சேர்த்துவைத்த கிடங்கு. அதிலிருந்தே மறுபடி பூக்கும், கணுவில் குட்டிச்செடியும் விடும். செத்துவிட்டதென்று பச்சைத் தண்டை நறுக்கிப் போட்டுவிட்டு என்னிடம் வந்தவர்கள் பலர். பழுப்பாகிச் சருகாய்க் காய்ந்தால் மட்டும் வெட்டுங்கள்.

உங்கள் செடியின் பழைய இலைச் சுருக்கம் முழுதாக மறையாது. அதைப் பார்த்துக் கலங்காமல் தண்டின் அடியைப் பாருங்கள். அங்கே புது வேர் பச்சை நுனியோடு எட்டிப் பார்க்கச் சில வாரங்கள் ஆகும். அதுவரை எந்த உரமும் போடாதீர்கள்.