சொல்லும் அதன் அண்டை அயலும்

அன்புள்ள ஐயா,

வேலையில் தினமும் ஆங்கிலத்தில் அறிக்கைகள் எழுதுகிறேன். இலக்கணப் பிழை அதிகம் வராது. ஆனால் நல்ல ஆங்கிலக் கட்டுரை ஒன்றைப் படித்துவிட்டு நான் எழுதியதைப் பார்த்தால் சின்னப் பிள்ளை எழுதியது போல இருக்கிறது. அதனால் 3000 அரிய சொற்கள் கொண்ட பட்டியல் ஒன்றை எடுத்து, நாளுக்கு முப்பது வீதம் மூன்றரை மாதத்தில் மனப்பாடம் செய்து முடித்தேன். இப்போது பாதிக்கு மேல் மறந்துவிட்டது. நினைவில் இருப்பதை எழுதினாலும் தப்பாகிறது. எங்கள் குழு கடின உழைப்புக்குப் பேர்போனது என்று சொல்வதற்கு 'நொட்டோரியஸ்' என்று எழுதினேன். மேலாளர் அந்தச் சொல்லை வட்டமிட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுத் திருப்பி அனுப்பினார். அகராதியில் 'பேர்போன' என்றுதானே இருந்தது? நிகண்டுகளை மனப்பாடம் செய்துதானே நம் புலவர்கள் சொல்வளம் பெற்றார்கள்? நான் எங்கே தவறுகிறேன்?

ச.

அன்புள்ள ச.,

அந்தக் கேள்விக்குறியிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் நினைவாற்றலில் ஒரு குறையும் இல்லை. தேவைப்பட்ட நேரத்தில் சொல் வந்து நின்றிருக்கிறது. அது யாரோடு பழகும் சொல் என்பதைத்தான் பட்டியல் உங்களுக்குச் சொல்லவில்லை.

தமிழில் பேர்போன வைத்தியர் என்றும் சொல்லலாம், பேர்போன திருடன் என்றும் சொல்லலாம். ஆங்கிலம் அந்த இடத்தில் வேலி போட்டிருக்கிறது. நொட்டோரியஸ் என்ற சொல்லைச் சுற்றி எப்போதும் குற்றவாளிகள், விபத்து நடக்கும் சாலை வளைவுகள், தாமதங்கள், ஏமாற்றுகள் இருக்கும். அகராதி தந்த பொருள் பொய் அல்ல, பாதி. மறுபாதி அந்தச் சொல்லின் அண்டை அயலில் இருக்கிறது. ஒரு சொல்லை அதன் கூட்டாளிகளை வைத்தே அறியலாம் என்று பிரிட்டிஷ் மொழியியலாளர் ஜே.ஆர்.ஃபர்த் 1957இல் எழுதினார். என் மொழிபெயர்ப்பு வேலையில் இத்தனை வருடங்களாக எனக்கு இதைவிட உதவிய கருத்து வேறு இல்லை.

மழையை எடுத்துக்கொள்ளுங்கள். நாம் பலத்த மழை என்கிறோம், கனமழை என்றும் சொல்கிறோம். ஆங்கிலத்தில் மழை 'ஹெவி'தான், 'ஸ்ட்ராங்' ஆகாது. காற்று ஸ்ட்ராங், தேநீர் ஸ்ட்ராங். போக்குவரத்து நெரிசலோ மறுபடி ஹெவி. இதற்கெல்லாம் விதி கிடையாது. அந்த மொழிக்காரர்கள் அப்படிப் பழகிவிட்டார்கள், அவ்வளவுதான். 'காஸ்' (cause) என்ற எளிய சொல்லையே பாருங்கள். அதன் பொருள் 'விளைவி' என்று நமக்குத் தெரியும். ஆனால் ஆங்கில எழுத்தில் அதன் பின்னால் வருபவை பெரும்பாலும் சேதம், வலி, விபத்து, தாமதம் போன்ற கெட்ட விஷயங்கள். 'உங்கள் வருகை மகிழ்ச்சியை காஸ் செய்தது' என்று எழுதினால் இலக்கணம் சரியாக இருக்கும், படிப்பவருக்கு மட்டும் ஏதோ இடறும். பள்ளிக் காலத்திலிருந்து தெரிந்த சொல்லிலேயே நமக்குத் தெரியாத ஒரு பாதி இருக்கிறது, பார்த்தீர்களா?

உயர்நிலைச் சொல்வளம் என்று நான் நினைப்பது இதைத்தான். அரைகுறையாகத் தெரிந்த சொற்களை முழுசாகத் தெரிந்துகொள்வது.

எண்ணிக்கை வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். நியூசிலாந்து மொழியியலாளர் பால் நேஷன் 2006இல் ஒரு கணக்கு போட்டார். நாவலையும் செய்தித்தாளையும் யார் உதவியும் இல்லாமல் படிக்க 8000 முதல் 9000 சொற்குடும்பங்கள் தெரிந்திருக்க வேண்டும் என்றார். குடும்பம் என்றால், டெவலப், டெவலப்மென்ட், டெவலப்பர் எல்லாம் சேர்ந்து ஒன்று. அவ்வளவு தெரிந்தால் நூறு சொற்களில் 98 சொற்கள் புரியும். இதில் அடிக்கடி வரும் முதல் 2000 குடும்பங்களே பெரும்பாலான பக்கங்களில் ஏறக்குறைய பத்தில் எட்டு பங்கை நிரப்பிவிடும். அவை உங்களிடம் ஏற்கெனவே இருக்கின்றன. நீங்கள் மனப்பாடம் செய்த அரிய சொற்களில் பல இந்த 9000க்கும் அப்பால் கிடப்பவை, வருடத்துக்கு ஒருமுறை கண்ணில் பட்டால் அதிகம். நடுவில் இருக்கும் பெரிய நிலத்தைத் தாண்டிக் குதித்துவிட்டீர்கள். நீங்கள் மெச்சும் அந்தக் கட்டுரைகள் விளைவது அந்த நடு நிலத்தில்தான். ரிலக்டன்ட் (தயக்கமுள்ள), ப்ளாசிபிள் (நம்பும்படியான), சட்டில் (நுட்பமான), அண்டர்மைன் மாதிரியான சொற்கள்.

கடைசியாகச் சொன்னதைக் கொஞ்சம் தோண்டிப் பார்ப்போம். அண்டர்மைன் என்றால் பழைய காலத்தில் கோட்டை மதிலுக்கு அடியில் சுரங்கம் தோண்டி அதைச் சாய்ப்பது. நேரே மோதாமல் கீழேயிருந்து பலத்தைப் பறிப்பது. நம்மிடம் 'குழி பறித்தான்' என்ற பேச்சு இருக்கிறது, உடனே அதுதான் நினைவுக்கு வரும். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. குழி பறிப்பவன் தெரிந்தே பறிக்கிறான், அதுவும் ஒரு ஆளுக்குத்தான் பறிக்கிறான். அண்டர்மைன் செய்வதற்கு உள்நோக்கம் தேவையில்லை. அறிக்கையில் ஒரு சின்னக் கணக்குப் பிழை அந்த அறிக்கை முழுவதன் நம்பகத்தையும் அண்டர்மைன் செய்துவிடும். அதோடு, இந்தச் சொல்லுக்கு இரையாவது பெரும்பாலும் நம்பிக்கை, அதிகாரம், முயற்சி, நற்பெயர் ஆகியவை. இவ்வளவையும் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து தெரிந்துகொண்டால் அந்தச் சொல் உங்களை விட்டுப் போகாது. பட்டியலில் இது 'வலுவிழக்கச் செய்' என்று ஒரே வரியில் முடிந்திருக்கும்.

பெரிய சொல் போட்டால் எழுத்து உயர்ந்துவிடும் என்ற எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். ஆங்கிலத்தில் ஆஸ்க், க்வெஸ்ச்சன், இன்டராகேட் என்று மூன்று உண்டு. முதலாவது பழைய ஆங்கிலம். 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சு வழியாக வந்து சேர்ந்தது இரண்டாவது. மூன்றாவது லத்தீன். இதைப் புரிந்துகொள்ள ஆங்கிலத்துக்குள் போக வேண்டியதே இல்லை. கேட்டாள், வினவினாள், விசாரித்தாள் என்று சொல்லிப் பாருங்கள். சாப்பிட்டாயா என்று அம்மா கேட்பாள், வினவ மாட்டாள். குற்றவாளியிடம் காவலர் வினவ மாட்டார், விசாரிப்பார். இதில் எது உயர்ந்த சொல்? தமிழில் இந்தக் காது உங்களுக்குப் பிறவியிலேயே இருக்கிறது. ஆங்கிலத்திலும் அதே காது வேண்டும். அது படித்துப் படித்துத்தான் வரும்.

சரி, நிகண்டு. அதை மனப்பாடம் செய்தவர்கள் செய்யுளாக மனப்பாடம் செய்தார்கள். ஓசை அவர்களுக்குச் சொல்லைக் கட்டிக் கொடுத்தது. கூடவே இலக்கியத்தையும் பாடம் கேட்டார்கள். நிகண்டில் கற்ற பெயரைப் பாட்டில் சந்தித்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக அது அவர்கள் பேசி வாழ்ந்த மொழி. உங்கள் பட்டியலுக்கு இவற்றில் எந்தத் துணையும் இல்லை.

மறதியைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885இல் வெளியிட்டார். மறதி முதல் சில மணி நேரத்திலேயே செங்குத்தாக இறங்கும், அப்புறம் மெதுவாகும். அதனால் இன்று படித்ததை நாளை ஒருமுறை, நாலு நாள் கழித்து ஒருமுறை, இரண்டு வாரம் கழித்து ஒருமுறை என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போய்ப் பார்க்க வேண்டும். நாளுக்கு முப்பது சொல் என்றால் இப்படித் திரும்பிப் பார்க்க நேரம் எங்கே இருக்கும்? ஐந்து போதும். அந்த ஐந்தும் அன்று நீங்கள் படித்த பக்கத்திலிருந்தே வரட்டும். சொல்லை மட்டும் எழுதாமல் அது இருந்த வாக்கியத்தை ஒரு சின்ன அட்டையில் முழுசாக எழுதிக்கொள்ளுங்கள். தமிழ்ப் பொருளை அட்டையின் பின்பக்கம் வைத்துக்கொள்வதில் தப்பே இல்லை. ஆனால் அதோடு, ஆங்கிலம் கற்பவர்களுக்கென்றே தயாரித்த ஆங்கில அகராதி ஒன்றையும் பாருங்கள். 1978இல் வந்த லாங்மன் அகராதி ஏறக்குறைய 2000 எளிய சொற்களை மட்டுமே வைத்து மற்ற எல்லாவற்றையும் விளக்கியது. அந்த வகை அகராதிகளில் உதாரண வாக்கியங்கள்தான் உயிர். பொருளைப் படிக்காவிட்டாலும் அவற்றைப் படியுங்கள்.

ஒன்றை என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன். ஒத்த பொருளும் எதிர்ப்பொருளும் உள்ள சொற்களை ஒரே நாளில் சேர்த்துப் படிக்காதீர்கள். 'இம்ப்ளை', 'இன்ஃபர்' இரண்டையும் ஒரே மாலையில் ஜோடியாகப் படித்தேன். பேசுபவர் குறிப்பாக உணர்த்துவது முதலாவது, கேட்பவர் அதிலிருந்து ஊகிப்பது இரண்டாவது. பல வருடங்களுக்கு, எழுதும்போதெல்லாம் எது எது என்று ஒரு நொடி நின்றேன். இப்படிச் சேர்த்துக் கற்றால் ஒன்றோடொன்று குழம்பும் என்று ஆய்வாளர்களும் சோதித்துச் சொல்லியிருக்கிறார்கள். முதலில் ஒன்றோடு நன்றாகப் பழகுங்கள், ஒரு மாதம் போன பின் அடுத்ததை எடுங்கள்.

அப்புறம், படிப்பதைக் கொஞ்ச காலம் ஒரே துறையில் வையுங்கள். ஒரே விஷயத்தைப் பற்றிப் பத்துக் கட்டுரை படித்தால் அதே சொற்கள் வேறு வேறு கூட்டாளிகளோடு திரும்பத் திரும்ப வரும். வேறு வேறு விஷயங்களில் பத்துக் கட்டுரை படித்தால் ஒவ்வொன்றிலும் புதுச் சொற்கள், ஒன்றும் தங்காது. உங்கள் வேலை சார்ந்த துறையையே எடுத்துக்கொண்டால், கற்ற சொல்லை அந்த வாரமே அறிக்கையில் எழுதிப் பார்க்கவும் வழி இருக்கும்.

அந்த 3000ஐத் தூக்கிப் போட வேண்டாம். அலமாரியில் இருக்கட்டும். அதிலுள்ள சொல் ஒன்று உங்கள் வாசிப்பில் எதிர்ப்பட்டால் பட்டியலில் அதற்கு ஒரு புள்ளி வையுங்கள். மூன்று புள்ளி விழுந்த சொல்லை அட்டைக்கு மாற்றிவிடுங்கள்.

மேலாளர் திருப்பி அனுப்பிய வாக்கியத்தில் 'நொட்டோரியஸ்' இருந்த இடத்தில் 'நோன்' (known) என்று மட்டும் போடுங்கள். பின்னால் வரும் 'ஃபார்' அப்படியே இருக்கட்டும்.

அன்புடன்.