லேபர் ரூம் நர்ஸ் கேட்கிறார்: மனசாட்சியைச் சொல்லி மறுக்க முடியுமா?

கேள்வி: வக்கீல் மேடம், கொழிஞ்சாம்பாறை பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆறு வருஷமாக லேபர் ரூம் நர்ஸாக இருக்கிறேன். நாங்கள் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) குடும்பம். கருக்கலைப்பு கேஸ் வந்தால் பழைய மேட்ரன் எனக்குப் பதிலாக வேறு ஆளைப் போட்டுவிடுவார். புது மேட்ரன் என்னையும் அந்த டூட்டி லிஸ்டில் சேர்த்துவிட்டார். முடியாது என்று வாயால் சொன்னேன். கடமையை மறுத்ததற்கு ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது என்று மெமோ வந்திருக்கிறது, ஒரு வாரத்தில் பதில் தர வேண்டும். அரசியல் சாசனத்தின் 25-வது பிரிவு இருக்கும்போது யாரும் கட்டாயப்படுத்த முடியாது என்று வாட்ஸ்அப்பில் படித்தேன். உண்மையா? போன மாதம் நைட் டூட்டியில், வீட்டிலேயே மாத்திரை போட்டு ரத்தப்போக்கோடு வந்த பெண்ணுக்கு நான்தான் எல்லாம் செய்தேன். "அன்றைக்குச் செய்தாயே, இப்போது என்ன?" என்று கேட்கிறார்கள்.

பதில்: தங்கச்சி, முதலில் ஒன்று. அந்தப் பெண் எந்த ஊர், யார் வீட்டு மருமகள் என்று உங்கள் கடிதத்தில் இரண்டு வரி இருந்தது. அதை எடுத்துவிட்டுத்தான் மேலே கொடுத்திருக்கிறேன். கருக்கலைப்பு செய்துகொண்ட பெண்ணின் பெயர், விவரத்தை வெளியே சொல்லும் டாக்டருக்கு ஒரு வருஷம் வரை சிறை என்று கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தம் சொல்கிறது. அட்மிஷன் ரிஜிஸ்டர் ரகசிய ஆவணம். ஆஸ்பத்திரியின் மற்ற தாள்களில் பெயருக்குப் பதிலாக வரிசை எண்தான் வர வேண்டும். அந்தத் தண்டனைப் பிரிவு டாக்டரைத்தான் சொல்கிறது என்றாலும், விஷயம் உங்கள் வாயிலிருந்து போனது என்று தெரிந்தால் உங்கள் வேலையை என்னால் காப்பாற்ற முடியாது. வேலந்தாவளத்தில் சொன்னது பொள்ளாச்சியில் கேட்கும் ஊர் நம்முடையது. ஜெபக்கூட்டத்திலும் வேண்டாம்.

வாட்ஸ்அப்பில் வந்தது பாதி உண்மை. 25-வது பிரிவு மனசாட்சிச் சுதந்திரத்தைத் தருகிறது. ஆனால் அந்த வாக்கியம் தொடங்குவதே பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம், மற்ற அடிப்படை உரிமைகள் இவற்றுக்கு உட்பட்டு என்றுதான். இந்தப் பிரிவுக்குப் பேர்போன வழக்கு நம் கேரளத்திலிருந்தே போனது. யெகோவாவின் சாட்சிகள் சபையைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்றார்கள், ஆனால் பாடவில்லை. பள்ளிக்கூடம் வெளியே அனுப்பியது. 1986-ல் சுப்ரீம் கோர்ட் திரும்பச் சேர்க்கச் சொன்னது. உங்களுக்காக வாதாடினால் நானும் அந்தத் தீர்ப்பைத்தான் கையில் எடுப்பேன். எதிர்த்தரப்பு ஒரே கேள்வி கேட்கும்: அந்தப் பிள்ளைகள் பாடாததால் யாருக்கு என்ன நஷ்டம்? இங்கே கட்டிலில் ஒரு பெண் படுத்திருக்கிறாளே? அதற்கு என்னிடம் லேசான பதில் இல்லை. அதோடு, 25-வது பிரிவு முக்கியமாக அரசுக்கு எதிரான உரிமை. தனியார் நிர்வாகத்தின் மெமோவை எதிர்த்து எர்ணாகுளம் ஹைகோர்ட்டில் ரிட் போட்டால், இது நிற்குமா என்பதே முதல் விவாதமாகிவிடும்.

1971-ம் வருஷக் கருக்கலைப்புச் சட்டத்தில், மனசாட்சிப்படி விலகிக்கொள்ளலாம் என்று ஒரு வரி கூடக் கிடையாது. பிரிட்டனின் 1967-ம் வருஷச் சட்டத்தில் அப்படி ஒரு பிரிவு உண்டு; உங்களுக்கு வந்த செய்தி அங்கிருந்து கிளம்பியதாக இருக்கலாம். அங்கேயும் கிளாஸ்கோவைச் சேர்ந்த இரண்டு மிட்வைஃப்கள், மேற்பார்வை செய்வதும் டூட்டி போடுவதும்கூட எங்களால் ஆகாது என்று வழக்காடியபோது, நேரடியாகக் கைவைத்துச் செய்யும் வேலையிலிருந்து மட்டும்தான் விலகலாம் என்று 2014-ல் அந்நாட்டு சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. நம் நாட்டில் டாக்டர்களுக்கான 2002 நடத்தை விதிகள், மருத்துவக் காரணம் இருக்கும்போது மதத்தை மட்டும் சொல்லிக் கருக்கலைப்பை மறுக்கக்கூடாது என்கின்றன. அது நர்சுகளுக்கான விதி இல்லைதான். ஆனாலும் உங்கள் வழக்கைக் கேட்கும் நீதிபதியின் மனதில் அது நிற்கும்.

ஆகவே மறுக்கும் உரிமை என்று பேசாதீர்கள். டூட்டி மாற்றித் தரும்படி கேளுங்கள். அதற்கு இடம் இருக்கிறது, நியாயமும் இருக்கிறது. ஆறு வருஷம் அப்படித்தான் நடந்தது, யாருக்கும் குறை வரவில்லை என்பதே உங்கள் கையில் இருக்கும் பெரிய சாட்சி. பழைய டூட்டி லிஸ்டுகளின் நகல் கிடைத்தால் எடுத்து வையுங்கள். நோயாளி பெயர் இருக்கும் தாளைத் தொட வேண்டாம்.

அந்த நைட் டூட்டி விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் எழுதியிருந்தீர்கள்: சேலை நனைந்து ஸ்ட்ரெச்சரில் கிடந்தாள், பிரஷர் இறங்கிக்கொண்டே போனது, ட்ரிப் போட நரம்பு கிடைக்காமல் மூன்றாவது குத்தில் கிடைத்தது, விடியும் வரை உங்கள் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தாள் என்று. அதைப் படித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அன்று நீங்கள் செய்தது உயிர் காக்கும் சிகிச்சை. அவசர நிலையில் வருகிறவருக்கு உடனே சிகிச்சை தர வேண்டும் என்று 1989-லேயே சுப்ரீம் கோர்ட் சொன்னது. அங்கே மனசாட்சி பேச்சுக்கே இடமில்லை, உங்களுக்கும் அது தோன்றவில்லை. அந்த ராத்திரியைக் காட்டி உங்களை மடக்க நினைப்பது தவறு. பதிலில் அதையே எழுதுங்கள்.

மொழி உங்கள் இஷ்டம், சாரம் இப்படி இருக்கட்டும்: "நான் எந்த நோயாளியையும் கைவிட்டதில்லை, இனியும் கைவிட மாட்டேன். அவசர சிகிச்சை, கருக்கலைப்புக்கு முன்னும் பின்னும் உள்ள கவனிப்பு எல்லாவற்றையும் செய்வேன். முன்கூட்டித் தேதி குறித்த கருக்கலைப்பின்போது மட்டும் உதவியாளராக நிற்பதிலிருந்து, வேறு நர்ஸ் இருக்கும்வரை, மாற்று டூட்டி தரும்படி வேண்டுகிறேன். அதற்கு ஈடாக வேறு ஷிஃப்ட் பார்க்கத் தயார்." மன்னிப்புக் கடிதமாகவும் வேண்டாம், சவாலாகவும் வேண்டாம். இப்படி எழுதியவரை விசாரணை வைக்காமல் வேலையை விட்டு நீக்கினால் அதை எதிர்த்து நிற்க முடியும். அப்போது நாம் நேரில் பேசுவோம்.

கடைசி நிமிஷத்தில், அந்தப் பெண் டேபிளில் ஏறிய பிறகு, கையுறையைக் கழற்றிவிட்டு வெளியே வருவது மட்டும் கூடவே கூடாது. அது கடமை தவறியதாகத்தான் பார்க்கப்படும். அவளிடம் உபதேசமும் வேண்டாம். புருஷன் கையெழுத்து வாங்கி வா என்று திருப்பி அனுப்பவும் வேண்டாம். 18 வயது நிறைந்த பெண்ணுக்கு அவள் சம்மதம் மட்டும் போதும், சட்டத்தில் இல்லாத நிபந்தனை போடக்கூடாது என்று 2022-ல் சுப்ரீம் கோர்ட் கண்டித்திருக்கிறது. உங்கள் மனசாட்சிக்கு நீங்கள் மரியாதை கேட்கிறீர்கள். அவளும் ஒரு முடிவோடுதான் வந்திருக்கிறாள்.

ஒன்றில் மட்டும் எந்தத் தயக்கமும் இல்லாமல் மறுக்கலாம்: சட்டத்துக்குப் புறம்பானது. அரசு அங்கீகாரச் சான்றிதழ் எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டியிருக்க வேண்டும். ஃபார்ம் சி-யில் அவள் சம்மதம் இருக்க வேண்டும். 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்து, 24 வரை குறிப்பிட்ட வகைப் பெண்களுக்கு இரண்டு டாக்டர்களின் கருத்து, அதற்கு மேல் கருவில் கடும் குறைபாடு இருந்தால் மெடிக்கல் போர்டு. தாயின் உயிரைக் காக்க உடனே செய்தாக வேண்டும் என்றால் இந்த வாரக்கணக்கு கிடையாது. ஸ்கேனில் பெண் குழந்தை என்று தெரிந்து கலைக்க வந்தாலோ, டாக்டர் இல்லாமல் உங்களையே செய்யச் சொன்னாலோ, மதத்தை இழுக்க வேண்டியதே இல்லை. அது குற்றம்.

பதிலை ஸ்பீட் போஸ்டில் ரிஜிஸ்ட்ரேஷனோடு அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சியை எடுத்து வையுங்கள், மேட்ரன் கையில் கொடுக்கும் பிரதியில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். மெமோவின் ஒரிஜினலை யாரிடமும் கொடுக்காதீர்கள்.