செப்டம்பர் 17: பிறப்புகளும் உடன்படிக்கைகளும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பள்ளியின் கரும்பலகையில் நாள்தோறும் ‘வரலாற்றில் இன்று’ எழுதுவது என் பொறுப்பு. செப்டம்பர் 17க்காகத் தேடியபோது பெரியார் (1879), இலங்கை அதிபராக இருந்த ஜே. ஆர். ஜெயவர்த்தனா (1906), இஸ்ரேல் அதிபராக இருந்த ஹைம் ஹெர்சோக் (1918) ஆகியோரின் பிறப்புகள் கிடைத்தன. 1978இல் எகிப்துக்கும் இஸ்ரேலுக்கும் இடையிலான கேம்ப் டேவிட் உடன்படிக்கையும், 1991இல் இரு கொரியாக்கள் ஐ.நா.வில் சேர்ந்ததும் அதே தேதியில்தான். பிறந்தநாள் என்றால் மாணவர்கள் நின்று படிக்கிறார்கள். உடன்படிக்கை என்றால் கடந்துபோகிறார்கள். பிறப்புகளை மட்டும் எழுதினால் போதாதா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

இரண்டில் ஒன்றை விட்டாக வேண்டும் என்றால் நான் பிறப்புகளைத்தான் விடுவேன். பிறந்த தேதி யாரும் முயன்று அடைந்ததல்ல. அந்தக் குழந்தை யாராக வளரும் என்பது அன்று ஒருவருக்கும் தெரியாது. உடன்படிக்கையின் தேதியோ மனிதர்கள் பேசி, முறுக்கிக்கொண்டு, மீண்டும் உட்கார்ந்து பேசி வந்துசேர்ந்த தேதி. அது நிகழாமலே போயிருக்கவும் கூடும்.

அமெரிக்க அதிபரின் ஓய்வில்லமான கேம்ப் டேவிடில் பேச்சு 1978 செப்டம்பர் 5 அன்று தொடங்கியது. எகிப்து அதிபர் அன்வர் சதாத்தும் இஸ்ரேல் பிரதமர் மெனாக்கெம் பெகினும் முதல் சில நாட்களுக்குப் பிறகு நேருக்கு நேர் அமர்ந்து பேசவே இல்லை. அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர்தான் வரைவுகளை எடுத்துக்கொண்டு ஒருவர் தங்கியிருந்த குடிலிலிருந்து மற்றவர் குடிலுக்கு நடந்தார். பதின்மூன்றாம் நாளான 17 அன்று, ஜெருசலேம் குறித்து அமெரிக்கா எகிப்துக்குத் தரவிருந்த கடிதத்தால் எல்லாம் முறியும் நிலை வந்தது. மூன்று தலைவர்களும் இருக்கும் புகைப்படங்களைக் கார்ட்டரின் கையொப்பத்தோடு தம் பேரக்குழந்தைகளுக்காகப் பெகின் கேட்டிருந்தார். கார்ட்டரின் செயலாளர் குழந்தைகளின் பெயர்களை விசாரித்து வாங்க, எட்டுப் படங்களிலும் ஆளுக்கொரு பெயரை எழுதிக் கையொப்பமிட்டு, கார்ட்டரே பெகினின் குடிலுக்கு எடுத்துச் சென்றார். பெகின் பெயர்களை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தார், குரல் தழுதழுத்தது, பேரக்குழந்தைகளைப் பற்றிப் பேசத் தொடங்கினார். ஜெருசலேம் பற்றிய தன் நிலை 1967இலும் 1969இலும் ஐ.நா.வில் தன் தூதர்கள் சொன்னதே என்று மட்டும் கூறும்படி கடிதத்தை அமெரிக்கா மாற்றியெழுத, பெகின் அதை ஏற்றார். அன்றிரவே வெள்ளை மாளிகையில் மூவரும் கையெழுத்திட்டனர்.

இதன் மறுபக்கத்தையும் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும். மேற்குக் கரையையும் காசாவையும் பற்றிய பகுதி, பாலஸ்தீனர் எவரும் இல்லாத இடத்தில் எழுதப்பட்டது. எழுதப்பட்டபடி அது நிறைவேறவும் இல்லை. எகிப்து பற்றிய பகுதி மட்டும் 1979 மார்ச் 26 அன்று அமைதி ஒப்பந்தமாயிற்று. இஸ்ரேல் பிடித்து வைத்திருந்த சினாய் தீபகற்பம், தாபா என்ற சிறு பகுதி நீங்கலாக, எகிப்துக்குத் திரும்பியது 1982 ஏப்ரல் 25 அன்று. அதைப் பார்க்க சதாத் உயிரோடு இல்லை, 1981 அக்டோபர் 6 அன்று அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

கொரியாக்களின் கதை சுருக்கமானது. இரு நாடுகளுக்கும் சேர்த்து ஒரே இருக்கை போதும் என்று வாதிட்டுவந்த வட கொரியா 1991 மே மாதம் நிலையை மாற்றிக்கொண்டது. செப்டம்பரில் ஒரே தீர்மானத்தால் இரண்டும் உறுப்பினராயின, ஆனால் கொரியப் போரை நிறுத்திய 1953இன் போர்நிறுத்தம் இன்றுவரை அமைதி ஒப்பந்தமாகவில்லை. எஸ்தோனியா, லாத்வியா, லிதுவேனியா ஆகியவையும் அதே நாளில் சேர்ந்தன என்பதை உங்கள் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். சோவியத் ஒன்றியம் அவற்றின் விடுதலையை ஏற்று அப்போது 11 நாட்களே ஆகியிருந்தன.

பிறப்புகளை எழுதுவதானால் ஆண்டோடு நிறுத்த வேண்டாம் என்பதே என் வேண்டுகோள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானுடன் அமைதி ஒப்பந்தம் செய்ய 1951இல் கூடிய சான் பிரான்சிஸ்கோ மாநாட்டில் இலங்கையின் நிதியமைச்சராகப் பேசிய ஜெயவர்த்தனா, வெறுப்பு வெறுப்பால் தணிவதில்லை, அன்பினாலேயே தணியும் என்ற புத்தரின் சொல்லை எடுத்துக்காட்டி, ஜப்பானிடம் தம் நாடு போர் இழப்பீடு கோராது என்று அறிவித்தார். அவரே அதிபராக இருந்த 1983 ஜூலையில்தான் இலங்கையில் தமிழர்கள் வேட்டையாடப்பட்டார்கள். 1987 ஜூலை 29 அன்று ராஜீவ் காந்தியுடன் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவரும் அவரே. இவற்றில் ஒன்றை மட்டும் அவர் பெயருக்குப் பக்கத்தில் எழுத என் கை வராது. மூன்றையும் எழுதுங்கள், பலகையில் இடம் பற்றாவிட்டால் அன்று வேறு பிறப்புகள் வேண்டாம்.

மாணவர்கள் நின்று படிப்பதற்கு, கேம்ப் டேவிட் வரியை இப்படி எழுதிப் பாருங்கள்: ‘1978: பதின்மூன்று நாள் பேச்சு முறியவிருந்தபோது, எட்டுக் குழந்தைகளின் பெயர்கள் எழுதிய படங்களோடு ஓர் அதிபர் ஒரு பிரதமரைப் பார்க்கப் போனார்.’ எந்தக் குழந்தைகள் என்று யாராவது வந்து கேட்கும்போது மீதியைச் சொல்லலாம்.