கைராசியா, கைப்பழக்கமா? வயிற்றறைப் புற்றுநோய் அறுவை: வாசகர் கேள்விகள்

கேள்வி: லண்டன் இருக்க, இங்கிலாந்தின் பேசிங்ஸ்டோக் என்ற சிறு நகரத்துக்கு ஏன் நோயாளிகளை அனுப்புகிறார்கள்?

சூடோமிக்சோமா பெரிட்டோனி என்ற நோய் பெரும்பாலும் குடல்வாலில் தொடங்கும். வயிறு முழுக்க ஜெல்லி போன்ற சளி நிறையும். பத்து லட்சம் பேரில் ஆண்டுக்கு ஒரு சிலருக்கே வரும் என்பதால், ஊருக்கு ஊர் ஒருவர் அறுத்தால் யாருக்கும் கை பழகாது. பேசிங்ஸ்டோக்கில் அறுவை மருத்துவர் பிரெண்டன் மோரன் 1994-இல் இந்த நோய்க்கான அறுவையைத் தொடங்கினார். 2000-இல் அது தேசிய மையமானது. பின்னர் மான்செஸ்டரின் கிறிஸ்டி மருத்துவமனையும் சேர்ந்தது. நோயாளிக்கு அலைச்சல்தான், ஆனாலும் நான் அங்கேயே போகச் சொல்வேன்.

கேள்வி: அறுவை சிகிச்சை டாக்டரின் கைராசி என்பார் என் மாமியார். பயிற்சியால் அவ்வளவு மாறுமா?

மாறும், அதற்குக் கணக்கே இருக்கிறது. மலக்குடல் புற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். மலக்குடலைச் சுற்றி மீசோரெக்டம் என்ற கொழுப்புறை உண்டு. புற்றணுக்கள் முதலில் ஒளிவது அதற்குள்தான். விரலால் குருட்டாம்போக்கில் பிய்த்தெடுத்தால் உறை கிழிந்து மிச்சம் தங்கிவிடும். பேசிங்ஸ்டோக்கைச் சேர்ந்த அறுவை மருத்துவர் பில் ஹீல்ட், கண்ணால் பார்த்தபடியே இழை பிரித்து உறையோடு முழுசாக எடுக்கும் முறையை 1982-இல் எழுதினார். 1990-களில் ஸ்டாக்ஹோம் போய், அங்குள்ள அறுவை மருத்துவர்களுக்குச் செய்துகாட்டிப் பழக்கினார். எடுத்த கட்டியைச் சோதிக்கும் நோய்க்குறியியல் மருத்துவர்களையும் பயிற்சியில் சேர்த்துக்கொண்டார்கள். உறை கிழிந்திருந்தால் அவர்கள் கண்ணுக்குத் தப்பாதே! அறுத்த இடத்திலேயே புற்றுநோய் திரும்புவது முன்பு 15 சதவீதம் வரை இருந்தது. பயிற்சிக்குப் பிறகு 6 சதவீதமாக இறங்கியது. நிரந்தரமாக வயிற்றில் ஒட்டிய மலப்பையோடு வாழ வேண்டியவர்களும் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தார்கள். புது மருந்து எதுவும் இதற்குக் காரணமில்லை. உங்கள் மாமியாரிடம் இதை அவசியம் சொல்லுங்கள்.

கேள்வி: என் மகள் பொது அறுவை சிகிச்சையில் எம்.எஸ். முடித்தவள். இந்தத் துறையில் எதைக் கற்க வேண்டும்?

முதலில் பார்க்கக் கற்க வேண்டும். வயிற்றைத் திறந்ததும் அதை 13 பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் கட்டியின் அளவுக்கேற்ப 0 முதல் 3 வரை மதிப்பெண் போடுவார்கள், மொத்தம் 39. பிறகுதான் நோய் படர்ந்த வயிற்றுச் சவ்வை உரிப்பது. வலப்பக்க உதரவிதானத்தின் அடியிலிருந்து சவ்வை உரிக்கையில் கல்லீரலைக் கீழே ஒதுக்கிப் பிடித்து, தசையில் ஓட்டை விழாமல் அங்குலம் அங்குலமாக நகர வேண்டும். முழு அறுவைக்குப் பத்து மணி நேரம்கூட ஆகும். இவற்றையெல்லாம்விடக் கடினமானது, சிறுகுடல் முழுக்க நோய் படர்ந்திருந்தால் மேற்கொண்டு அறுக்காமல் வயிற்றை மூடும் முடிவு. அனுபவசாலியின் எதிரில் நின்று பலமுறை பார்த்தால்தான் அது வரும். அவசரப்பட வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள்.

கேள்வி: பெருங்குடல் புற்று வயிற்றுக்குள் பரவிய என் அண்ணனுக்குச் 'சூடான கீமோ' தேவையில்லை என்கிறார் டாக்டர். செலவுக்குப் பயந்து மறைக்கிறாரா?

இல்லை, அவர் ஆய்வைப் படித்திருக்கிறார். கட்டிகளை அகற்றியபின் சூடாக்கிய மருந்தை வயிற்றுக்குள் சுழலவிடுவது ஹைபெக். பிரான்சில் 265 பேரிடம் நடந்த பிராடிஜ் 7 ஆய்வு 2021-இல் வெளியானது. அறுவையோடு ஆக்ஸாலிபிளாட்டின் என்ற மருந்தால் ஹைபெக் பெற்றவர்களில் பாதிப் பேர் 41.7 மாதத்தைத் தாண்டி வாழ்ந்தார்கள்; அறுவை மட்டும் பெற்றவர்களில் பாதிப் பேர் 41.2 மாதத்தை. பலன் கூடவில்லை, பிந்தைய சிக்கல்கள்தான் கூடின. ஆனால் மூன்றாம் நிலை சினைப்பைப் புற்றில், முதலில் கீமோ கொடுத்துப் பிறகு அறுத்தவர்களிடம் 2018-இல் வந்த நெதர்லாந்து ஆய்வு பலன் காட்டியது. ஒரே வயிறானாலும் நோய்க்கு நோய் விடை வேறு. அண்ணனின் டாக்டரிடம் கேட்க வேண்டியது இதுதான்: கண்ணுக்குத் தெரியும் கட்டி அத்தனையையும் எடுக்க முடியுமா?

கேள்வி: ஆராய்ச்சிக்குத் திசு கேட்கிறார்கள். கூடுதலாக வெட்டுவார்களோ?

பெரும்பாலும் சிகிச்சைக்காக எடுத்ததில் ஒரு துண்டைத்தான் சேமிப்பார்கள். கூடுதலாக எடுப்பதென்றால் ஒப்புதல் படிவத்தில் தனியாக எழுதியிருக்க வேண்டும். படித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள். மறுத்தாலும் சிகிச்சையில் குறை வைக்கக்கூடாது.